‘எங்க டீம் ஒரு குடும்பம் மாதிரி’ என்று கோச் சொன்னால்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். டெக்சாஸில் இருக்கிறீர்கள். மகள் பதினோராம் வகுப்பு, வாலிபால் ஆடுகிறாள். இரண்டு கல்லூரிகள் அவளைக் கேட்கின்றன. முதல் கல்லூரியின் கோச், மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து உங்களிடம் போனில் பேசியிருக்கிறார். “அந்த இன்னொரு காலேஜைப் பத்தி நான் தப்பா எதுவும் சொல்ல வரலை. ஆனா அங்க லைஃப்ஸ்டைல் கொஞ்சம் வேற மாதிரி. பெத்தவங்க தெரிஞ்சுக்கிட்டா நல்லது. எங்க டீம் ஒரு குடும்பம் மாதிரி” என்றாராம். உங்கள் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை, உங்களுக்குப் பாதி புரிந்தது. இப்படிப் பேசுவது சட்டப்படி சரியா, பேசாமல் அந்த இரண்டாவது கல்லூரியை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்குப் புரியாமல் போன மீதிப் பாதி இதுதான். அந்த இரண்டாவது கல்லூரியின் கோச் ஒரு லெஸ்பியன், அல்லது அந்த அணியில் தன்பாலீர்ப்புள்ள பெண்கள் இருக்கிறார்கள், உங்கள் பெண்ணை அங்கே அனுப்பினால் அவளும் ‘அப்படி’ ஆகிவிடுவாள். இதை வாய்விட்டுச் சொல்லாமல் உங்கள் மனதில் விதைத்துவிட்டுப் போவதுதான் அவர் நோக்கம். போட்டிக் கல்லூரியை மட்டம் தட்டி ஆள் பிடிப்பதற்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ‘நெகட்டிவ் ரெக்ரூட்டிங்’ என்று பெயர். அங்கே ஜிம் பழசு, கோச் அடுத்த வருடம் இருக்க மாட்டார், படிப்பு சுமார் என்று சொல்வதும் அந்த வகைதான். ஆனால் பெண்கள் அணிகளில் நாற்பது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு இந்த லெஸ்பியன் பயம்தான். ஜிம் பழசு என்றால் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். இதை யாரும் போய்ச் சரிபார்க்க மாட்டார்கள், கேட்கவே கூச்சப்படுவார்கள். அதனால்தான் இது இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

இந்தப் பேச்சுக்கென்றே சில சொற்கள் உண்டு. ‘குடும்பச் சூழல்’, ‘வேல்யூஸ்’, ‘ஆரோக்கியமான சூழ்நிலை’, ‘அந்த டீமைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சுப் பாருங்க’. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல சொல்தான். எல்லாக் கோச்சுகளும் குடும்பம் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், அதில் பெரும்பாலானோர் மனதில் ஒரு கள்ளமும் கிடையாது. அது எப்போது ஆயுதமாகிறது என்றால், இன்னொரு கல்லூரியின் பெயர் அடிபட்ட அடுத்த நொடி அது வரும்போது.

2011-ல் ஈஎஸ்பிஎன் பத்திரிகை இதைப் பற்றி விரிவாக எழுதியது. கல்லூரி அணிகளில் ஆடிய, ஆடிக்கொண்டிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம், ஆள் சேர்க்க வரும் கோச்சுகளின் பேச்சில் பாலீர்ப்பு உள்ளோட்டமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். 55 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். ஐம்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினோரு வருடம் பெண்கள் கிளப் அணி ஒன்றில் உதவிக் கோச்சாக இருந்தவன் என்ற முறையில், எனக்கு அந்த எண் ஆச்சரியமாக இல்லை.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கிளப்பில் ஆடிய ஒரு தமிழ்ப் பெண். அவள் வீட்டுக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஹெட் கோச் நேரில் வந்தார். ஸ்காலர்ஷிப் சமாச்சாரமெல்லாம் தங்களுக்குப் புரியாது என்று அவள் அப்பா என்னையும் வரச் சொல்லியிருந்தார். டவரா டம்ளரில் காபி கொடுத்தார்கள், அந்த மனிதர் சூடு தாங்காமல் டம்ளரைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையிலிருந்து அணியின் கையேட்டை எடுத்துப் பிரித்தார். முதல் பக்கத்தில் அவர், அவர் மனைவி, மூன்று குழந்தைகள், ஒரு நாய். “எங்க வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை எல்லாப் பொண்ணுங்களும் சாப்பிட வருவாங்க” என்றார். பிறகு, வேறு எந்தக் கல்லூரிகள் பேசுகின்றன என்று கேட்டார். அப்பா ஒரு பெயரைச் சொன்னார். கோச் சிரித்தார். “நல்ல கோச்தான் அவங்க. அவங்க கையேட்டையும் வாங்கிப் பாருங்க. குடும்பம்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க” என்றார். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு குற்றச்சாட்டு இல்லை.

அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து, விரலில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தாள், நிமிரவே இல்லை. அவர் போன பிறகு சமையலறையில் அம்மா, “வெளிப்படையாப் பேசறார், நல்ல மனுஷன்” என்றார். எனக்கு அந்த வரியின் பொருள் முழுசாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வீட்டுக் குடும்ப விஷயத்தில் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்ற நம்மூர்த் தயக்கம். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

அவள் அந்தக் கல்லூரிக்குத்தான் போனாள். இரண்டாம் வருடம் ஒருநாள் போன் செய்தாள். முட்டியில் அடிபட்டதைப் பற்றி ஏதோ பேசிவிட்டு, வைக்கும் முன் கேட்டாள்: “அங்கிள், முடியைக் குட்டையா வெட்டிக்கணும்னா கோச்சைக் கேக்கணுமா?” அப்படி எழுதின விதி எதுவும் அங்கே இல்லை. ஆனால் குட்டை முடியோடு வந்த ஒரு சீனியரை அவர் எப்படிப் பார்த்தார் என்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ‘நம்ம பொண்ணு அப்படி இல்லை, அதனால நமக்கு இந்த கோச்தான் பாதுகாப்பு’ என்று உங்கள் மனம் கணக்குப் போடும். எல்லாப் பெற்றோரும் போடும் கணக்குதான். அது தப்புக் கணக்கு. லெஸ்பியன்களை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லும் கோச், யார் லெஸ்பியன் என்று தேடிக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்தத் தேடலில் முடி, உடை, நடை, யாரோடு ஒரே அறையில் தங்குகிறாள், பையன்களோடு பேசுகிறாளா என்று எல்லாப் பெண்களும்தான் அளக்கப்படுவார்கள்.

இதற்குப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. ரெனி போர்ட்லண்ட் அங்கே 1980 முதல் 2007 வரை பெண்கள் கூடைப்பந்து ஹெட் கோச். சாதாரண ஆள் இல்லை. எழுபதுகளில் இமாகுலாடா கல்லூரி அணியில் ஆடித் தேசியப் பட்டங்கள் வென்றவர், பென் ஸ்டேட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட வெற்றிகள், 2000-ல் கடைசி நான்கு அணிகளுக்குள் இடம். 1986-ல் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், தன் அணியில் லெஸ்பியன்களை அனுமதிப்பதில்லை என்று தானாகவே சொன்னார். ஆள் சேர்க்கப் போகும்போதே இந்தப் பேச்சை எடுப்பதாகவும், அதைக் கேட்டுப் பெண்களும் பெற்றோரும் நிம்மதி அடைவதாகவும் சொன்னார். இந்தப் ‘பெற்றோர் நிம்மதி’ என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ரகசியமாகச் செய்த காரியம் இல்லை அது, வீட்டுக்கு வீடு சோபாவில் உட்கார்ந்து விற்ற பொருள். வாங்குவதற்கு நம்மைப் போன்றவர்கள் இருந்தார்கள்.

1991-ல் பிலடெல்பியா இன்க்வயரர் இதை மறுபடி எழுதியபோது வளாகத்தில் போராட்டம் நடந்தது. அந்த ஆண்டே பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் பாலீர்ப்பையும் சேர்த்தது. போர்ட்லண்ட் அதற்குப் பிறகும் 16 ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தார். கொள்கை காகிதத்தில் இருந்தது, அணி ஜெயித்துக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை.

கடைசியில் கேட்டது ஜெனிஃபர் ஹாரிஸ் என்ற ஆட்டக்காரர். ஹாரிஸ்பர்க் பகுதிப் பெண், அணியின் முக்கியமான ஸ்கோரர்களில் ஒருவர். 2005 மார்ச்சில் சீசன் முடிந்த கையோடு அவரை அணியிலிருந்து நீக்கினார்கள். அந்த டிசம்பரில் தேசிய லெஸ்பியன் உரிமைகள் மையத்தின் உதவியோடு வழக்குப் போட்டார். நீ லெஸ்பியனா என்று கோச் தன்னைத் துருவிக்கொண்டே இருந்தார், இன்னும் ‘பெண் மாதிரி’ தோற்றத்துக்கு மாறச் சொன்னார் என்பது அவர் குற்றச்சாட்டு. ஹாரிஸ் தான் லெஸ்பியன் இல்லை என்று சொன்னவர். சந்தேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 2006 ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் உள் விசாரணை, ஹாரிஸ் லெஸ்பியன் என்ற எண்ணத்தில் போர்ட்லண்ட் விரோதமான, மிரட்டும் சூழலை உண்டாக்கினார் என்று முடிவு சொன்னது. 10,000 டாலர் அபராதம், கட்டாயப் பயிற்சி வகுப்பு, இன்னொரு முறை நடந்தால் வேலை போகும் என்ற எச்சரிக்கை. அந்த விசாரணையே சரியாக நடக்கவில்லை என்று போர்ட்லண்ட் மறுத்தார். 2007 பிப்ரவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது, அடுத்த மாதமே அவர் விலகினார். ஹாரிஸ் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போயிருந்தார். அந்தக் காலத்து விதிப்படி கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இருபது வயதில் ஒரு வருடம் என்றால் என்னவென்று உங்கள் மகளைக் கேட்டால் சொல்வாள்.

இதே பயம் வேறு முகத்தோடு வருவதும் உண்டு. பிரிட்னி கிரைனர் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஆடினார், 2012-ல் அந்த அணி 40 ஆட்டங்களையும் வென்று பட்டம் வாங்கியது. டெக்சாஸ் வேக்கோவில் இருக்கும் பாப்டிஸ்ட் கல்லூரி அது, நீங்களே அறிவீர்கள். 2013-ல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பிறகு, பாலீர்ப்பைப் பற்றி வெளியே பேச வேண்டாம் என்று கோச்சுகள் சொல்லியிருந்ததாக ஈஎஸ்பிஎன்னிடம் சொன்னார். அவர் சொன்ன காரணம், ஆள் சேர்ப்பு. அணி இதை ஏற்றுக்கொள்கிறது என்று தெரிந்தால் பெற்றோர் தங்கள் பெண்களை அனுப்ப மாட்டார்கள் என்பது அவர்கள் கவலையாம். நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர், ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. கல்லூரியின் நடத்தை விதிகளில் ‘தன்பாலீர்ப்பு நடத்தை’ என்று இருந்த சொல்லை 2015-ல்தான் எடுத்தார்கள்.

கோச்சுகளின் பக்கத்தையும் பாருங்கள், ஏனென்றால் உங்களிடம் மறைமுகமாகப் பழிக்கப்பட்டவர் ஒரு கோச். 1972-ல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. கல்வி நிலையங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற அந்தச் சட்டத்தால்தான் பெண்கள் விளையாட்டுக்குப் பணமே வந்தது. அதற்கு முன்பு பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களே கோச். பணம் வந்ததும் ஆண்கள் வந்தார்கள், இன்று பெண் கோச்சுகள் பாதிக்கும் கீழே. போட்டி இறுகியதும், கல்யாணமாகாத பெண் கோச் என்றாலே சந்தேகம் என்று ஆக்கிவிடுவது ஆள் பிடிக்கும் உத்திகளில் ஒன்றாகிப்போனது. அவர் உண்மையில் லெஸ்பியனா இல்லையா என்பது அங்கே பொருட்டே இல்லை. இதனால் பலர் தங்கள் துணையைப் பற்றி மூச்சுவிடாமல் காலம் தள்ளினார்கள். ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் ஷெரி மரல், தன் துணைவியோடும் இரட்டைக் குழந்தைகளோடும் எடுத்த படத்தை அணிக் கையேட்டில் போட்டபோது அது செய்தியானது. முதல் டிவிஷன் என்ற மேல்மட்டப் பிரிவின் பெண்கள் கூடைப்பந்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள், அதில் வெளிப்படையாக இருந்த ஒரே லெஸ்பியன் ஹெட் கோச் என்று அவரைத்தான் அப்போது சொன்னார்கள். அதற்கு அடுத்து அவர் அணி, 2010-ல், முதல் முறையாக, கல்லூரி விளையாட்டுகளுக்கான அமைப்பான என்சிஏஏ நடத்தும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. பெற்றோர் ஓடிவிடவில்லை.

அயோவா பல்கலைக்கழகத்தில் டிரேசி கிரீஸ்பாம் என்ற ஹாக்கி கோச்சை 2014-ல் நீக்கினார்கள். அங்கேயே விளையாட்டு நிர்வாகத்தில் உயர் பதவியில் இருந்த அவர் துணைவி ஜேன் மையருக்கும் வேலை போனது. 2017-ல் ஜூரி, மையருக்கு எதிராகப் பால், பாலீர்ப்பு இரண்டின் அடிப்படையிலும் பாகுபாடு நடந்ததென்று சொல்லி 14 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பிறகு இருவருடைய வழக்குகளையும் சேர்த்து 65 லட்சம் டாலரில் பல்கலைக்கழகம் சமரசம் செய்துகொண்டது.

சரி, சட்டம். கோச் வேலையைப் பொறுத்தவரை 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் பாஸ்டாக் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது, பாலீர்ப்புக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவது பால் பாகுபாடுதான். மாணவிகளுக்கு நிலைமை அவ்வளவு தெளிவில்லை. டைட்டில் நைனில் ‘பால்’ என்றுதான் இருக்கிறது, பாலீர்ப்பு என்ற சொல் கிடையாது. 2015 டிசம்பரில் கலிபோர்னியாவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டப் பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில், பாலீர்ப்புப் பாகுபாடும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று மத்திய மாவட்ட நீதிபதி தீர்ப்புச் சொன்னார். ஆனால் 2017-ல் ஜூரி, நடந்த சம்பவங்களை எடைபோட்டுப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 2024-ல் பைடன் அரசு இதை விதியாகவே எழுதியது, 2025 ஜனவரியில் கென்டக்கியில் இருக்கும் மத்திய நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. மத நிறுவனங்கள் நடத்தும் கல்லூரிகளுக்கு டைட்டில் நைனிலேயே விலக்கு உண்டு. ஆக, கல்லூரி அரசுடையதா தனியாருடையதா, எந்த மாநிலம், அதன் சொந்தக் கொள்கை என்ன என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

உங்களிடம் போனில் சொன்ன அந்த வாக்கியத்துக்காக மட்டும் அவர் மேல் வழக்குப் போட முடியுமா என்றால், நடைமுறையில் கடினம். எழுத்தில் ஒன்றும் இல்லை, நேரடியான சொல்லும் இல்லை. என்சிஏஏவும், ஹாரிஸுக்கு உதவிய அந்த லெஸ்பியன் உரிமைகள் மையமும் 2006 அக்டோபரில் இண்டியானாபொலிஸில் இதற்காகவே கூடிப் பேசினார்கள், பரிந்துரைகள் வந்தன. இருந்தும் பிடிபடாமல் நழுவும் பேச்சு இது. ஒன்று செய்யலாம். மகளோடு பேசி, அவளுக்குச் சம்மதம் என்றால், அந்தக் கல்லூரியின் விளையாட்டு இயக்குநருக்குத் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் போட்டு நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். இடம் போய்விடுமே என்று தோன்றும், எனக்குத் தெரியும். அதனால்தான் முடிவு அவளுடையதாக இருக்கட்டும் என்கிறேன்.

மகளோடு பேசுவது என்றேனே, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. இந்தப் போன் விஷயம் அவளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் குரலையும் முகத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் யார், யாரை விரும்புவாள் என்று அவளுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். தெரிந்து, உங்களிடம் சொல்லத் தருணம் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். ‘ஐயையோ, நல்ல வேளை அந்த கோச் சொன்னார்’ என்று நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தக் கதவு எத்தனை வருடத்துக்கு மூடிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. டேப்பை உரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றைக்கு அந்த அறையில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம், ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த தடவை அந்த கோச் பேசினால் சண்டை போட வேண்டாம். “நீங்க லைஃப்ஸ்டைல்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?” என்று அமைதியாகக் கேட்டுவிட்டு, அப்புறம் நீங்கள் பேசாமல் இருங்கள். மழுப்புவார். “உங்க டீம்ல ஒரு பொண்ணு தான் லெஸ்பியன்னு சொன்னா, அவ ஸ்காலர்ஷிப், ஆட்ட நேரம் எல்லாம் அப்படியே இருக்குமா?” என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு ஆமாம் என்று தயங்காமல் சொல்லும் கோச்சிடம்தான் உங்கள் மகளும் பத்திரமாக இருப்பாள், அவள் யாராக இருந்தாலும். இதே கேள்வியை இரண்டாவது கல்லூரியிலும் கேளுங்கள். அவர்களும் தேறித்தான் ஆக வேண்டும்.

அந்த இரண்டாவது கல்லூரிக்கு விசிட் போங்கள். பெரும்பாலும் மகள் ஆட்டக்காரிகளோடு அவர்கள் அறையில் இரவு தங்குவாள், நீங்கள் ஹோட்டலில் இருப்பீர்கள். திரும்பி வரும்போது காரில், அங்கே யாராவது ‘அப்படி’ இருந்தார்களா என்று கேட்காதீர்கள். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் கோச் எப்படி இருப்பாராம், அடிபட்டால் யார் பார்த்துக்கொள்கிறார்கள், பயிற்சியால் வகுப்பு தவறினால் என்ன செய்கிறார்கள், ராத்திரி நன்றாகத் தூங்கினாயா, சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் இருக்கிறது, மீதியை அவளே சொல்வாள்.